குரல் பதிவைப் பொதுவில் போட்டுக் கருத்து கேட்பது உதவியா, உபத்திரவமா?

செவ்வந்தி:
திருநங்கைகள் நாம் பெண் குரல் பழகி, பதிவு போட்டுக் கருத்து கேட்கிற இந்தக் குழுவில் இனிமேல் என் குரல் பதிவைப் போடப்போவதில்லை. கோபித்துக்கொண்டு போகவில்லை, காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறேன். போன ஞாயிறு நாற்பது நொடிப் பதிவு ஒன்று போட்டிருந்தேன், கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற மாதிரி பேசிப் பார்த்தது. பதினொரு பேர் கருத்து சொன்னீர்கள். பிட்சை, அதாவது குரலின் சுருதியை, ஏற்று என்று இரண்டு பேர், ஏற்கெனவே எகிறிக் கிடக்கிறது இறக்கு என்று மூன்று பேர், காற்று விட்டு மென்மையாகப் பேசு என்று ஒருத்தி, காற்றே விடாதே என்று அவளுக்கு நேர் கீழே இன்னொருத்தி. கடைசியில் யாரென்றே தெரியாத ஒருவர், "போனில் கேட்டால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்" என்று எழுதிவிட்டுப் போனார். நான் ஒரு பைத்தியம், எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். புதன்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தையல் கடையில் அளவு கேட்கக்கூடச் சைகைதான். இதற்குப் பேர் உதவியா?

கயல்:
தங்கச்சி, தொண்டை கட்டியது கருத்து கேட்டதால் இல்லை, பதினொரு கஷாயத்தையும் ஒரே வாரத்தில் குடித்ததால். அந்தத் தம்பி கமெண்ட் எழுதியவரை நானும் திட்டினேன், அது வேறு. ஆனால் பதிவே போடாமல் எப்படித் தேறுவது, சொல். நாம் பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது, அதனால் நமக்கு மட்டும் அது கொஞ்சம் கனமாகவே கேட்கும். எனக்கு அப்படிக் கேட்டுக் கேட்டு, போதவில்லை போதவில்லை என்று ஆறு மாதம் மேலே ஏற்றிக்கொண்டே போனேன். பதிவைப் போட்டதும் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, இது பெண் குரல் இல்லை, ஆம்பளை பொம்பளை மாதிரி மிமிக்ரி பண்ணுகிற குரல்." ஒரு வாரம் அழுதேன். ஆனால் அவள் சொன்னது சரி, நான் முழுக்கக் கள்ளத்தொண்டையில், இயல்புக்கு மேலே ஏற்றிய பொய்க் குரலில், பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை போட்டால் குரல் தானே மாறிவிடும் என்று நம்பி ஒரு வருடம் சும்மா இருந்தவளும் நான்தான். வயதுக்கு வந்தபோது தடித்த குரல்நாண் மாத்திரையால் மெலியாது என்று சொன்னதும் இப்படிப் பதிவு போடுகிற பிள்ளைகள்தான்.

மதுரை நாணி:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுகிற விஷயமே எனக்கு விளங்கவில்லை. எதற்கு இந்தப் பாடு? நான் ஜமாத்துக்கு, நம் திருநங்கைக் குடும்பத்துக்கு, வந்து முப்பது வருடம் ஆகிறது, இதே கட்டைக் குரலில்தான் கூவாகத்தில் கும்மி பாடுகிறேன், இதே குரலில்தான் மகள்களைத் திட்டுகிறேன், ஒருத்தியும் என்னை அம்மா என்று கூப்பிடாமல் இருந்ததில்லை. 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நாம் யார் என்று நாமே சொன்னால் போதும், ஆபரேஷன் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. கோர்ட்டே கேட்காத பரீட்சையை நமக்கு நாமே வைத்து, மார்க் போடவும் ஆள் கூப்பிடுகிறோம்.

செவ்வந்தி:
பாம்படுத்தி நாணி, பாட்டி உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நான் ஜமாத்தில் இல்லை, தனியாக வாடகை வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு வங்கியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன், பேரும் பிறந்த தேதியும் சரியாகச் சொன்னேன், "சார், அக்கவுண்ட் ஹோல்டரைப் பேசச் சொல்லுங்கள்" என்றார்கள். நான்தான் என்று சொல்லச் சொல்லக் கார்டை முடக்கிவிட்டார்கள். தீர்ப்பை போனில் படித்துக் காட்டவா முடியும்? குரல் எனக்கு வேண்டும். பதினொரு பேர் கருத்துதான் வேண்டாம்.

தொண்டை டீச்சர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் திருநங்கை இல்லை, பேச்சுப் பயிற்சி கொடுப்பது தொழில். செவ்வந்தியின் பதிவைக் கேட்டேன். எல்லோரும் பிட்சையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஆண்களின் பேச்சு பெரும்பாலும் 100 முதல் 130 ஹெர்ட்ஸ், பெண்களுடையது 200ஐ ஒட்டி, அது உண்மைதான். ஆனால் பிட்ச் அளக்கிற செல்போன் ஆப்பில் 200 காட்டினாலும் ஆண் குரலாகக் கேட்கலாம், 170லேயே பெண் குரலாகவும் கேட்கலாம். மீதி வேலை ரெசனன்ஸில் இருக்கிறது, அதாவது தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாய் எவ்வளவு நீளமாக ஒலிக்கிறது என்பதில். பெரிய நாய் மூச்சிரைப்பது போல ஹா ஹா என்று செய்து, அப்படியே குட்டி நாய்க்கு மாறுங்கள், குரல்வளை மேலே ஏறுவது விரலுக்குத் தெரியும்.

அந்தப் பதிவில் "சிலிண்டர்" நன்றாகவே இருந்தது. அடுத்த சொல் "புக்", அங்கே விழுந்துவிட்டது. இகரத்துக்கு உதடு விரிகிறது, குழாய் குட்டையாகிறது. உகரம், ஓகாரம் வந்தால் உதடு குவிந்து குழாய் நீள்கிறது. "சீனி இல்லை" என்று பேசும்வரை எல்லோரும் பாஸ், "ஊருக்குப் போறோம்" என்றதும் பலர் சறுக்குவார்கள். பதினொரு பேரில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் "எப்படி இருக்கிறது" என்று மொட்டையாகக் கேட்டிருக்கிறார். "புக் என்ற சொல்லில் விழுகிறதா" என்று கேட்டிருந்தால் பதிலும் அந்த அளவில் வந்திருக்கும். அப்புறம் ஒன்று, வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கட்டின தொண்டையோடு பயிற்சி வேண்டாம்.

கயல்:
பார்த்தாயா, டீச்சர் இதைச் சொன்னதே நீ பதிவு போட்டதால்தான்.

செவ்வந்தி:
தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அந்தப் பதினொன்றும் சரியாகிவிடுமா அக்கா? இன்னொன்றும் இருக்கிறது, முதலில் சொல்லக் கூச்சமாக இருந்தது. என் பழைய பதிவு ஒன்றை யாரோ இங்கிருந்து எடுத்து வாட்ஸப்பில் சுற்றவிட்டு, அது சுற்றிச் சுற்றி என் சித்தி போனுக்கு வந்தது. சித்திக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியுமா? சிரிப்பை வைத்து. குரலை எவ்வளவு மாற்றினாலும் சிரிப்பை நான் இன்னும் பழகவில்லை.

மதுரை நாணி:
சிரிப்பை மாற்றாதே மகளே. அது ஒன்றாவது இருக்கட்டும்.

தொண்டை டீச்சர்:
பழக முடியும், இருமல், தும்மல் கூடப் பழகுகிறார்கள். வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். அந்தப் பதிவு வெளியே போனதற்கு வருந்துகிறேன், நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை.

கயல்:
இதை முதல்லேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். சரி, இனி என்ன செய்வாய்?

செவ்வந்தி:
இரண்டு பேருக்கு மட்டும் அனுப்பப்போகிறேன். நீ ஒருத்தி. வாரம் ஒரு வாக்கியம், ஒரு கேள்வி. கேட்டதும் அழித்துவிட வேண்டும்.

கயல்:
எனக்குச் சம்மதம். ஆனாலும் பொதுவில் போடுவதே தப்பு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். உனக்கு நான் இருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் போர்வைக்குள் பேசிப் பதிவு பண்ணி, முதல் தடவையாக இங்கே போடுகிற பிள்ளைக்கு அந்த இரண்டு பேர் எங்கே கிடைப்பார்கள்? எனக்கு அன்றைக்கு யாரும் கிடைக்கவில்லை, இங்கேதான் போட்டேன்.

செவ்வந்தி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. பழைய பதிவுகளை அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். நான் சிரிக்கிற மூன்றை மட்டும் எடுத்துவிட்டேன். கேஸ் புக் பண்ணுகிறது அங்கேயே கிடக்கிறது, யாருக்காவது "புக்" எப்படி விழுகிறது என்று கேட்க வேண்டுமென்றால் கேட்டுக்கொள்ளட்டும்.