மான்செஸ்டரிலும் இட்டேரி உண்டு

ஆடி முடிந்தால் எங்கள் பக்கம் பெட்டி கட்டும் காலம். ஈரோடு, திருப்பூர், கோபி, பொள்ளாச்சி என்று எல்லா ஊரிலிருந்தும் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் கிளம்புகிறார்கள். நான் ஒன்பது வருசம் இங்கிலாந்தில் இருந்துவிட்டுக் காங்கயம் பக்கம் தோட்டத்துக்கே திரும்பி வந்தவன். அதனால் போகிற வழியில் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, குக்கர் கொண்டுபோகலாமா, இட்லிப் பொடி எத்தனை கிலோ. இதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்பேன்: "சனி ஞாயிறு என்ன பண்ணப் போறீங்க?"

சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன்.

முதல் மூன்று மாதம் என் சனி ஞாயிறு இப்படித்தான் போனது. மதியம் வரை தூக்கம், துணி துவைப்பு, கடை, ஊருக்கு வீடியோ கால். நவம்பர் வந்ததும் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டு. வாரக் கடைசி எப்போது முடியும், திங்கட்கிழமை ஆபீசுக்கு எப்போது போவோம் என்று காத்திருந்த ஆள் நான். கோயமுத்தூர்தான் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நிஜ மான்செஸ்டரில் போய் இறங்கியிருந்தேன். மில்களில் பாதி அடுக்குமாடி வீடுகளாகிக் கிடந்தன. பேச ஆளில்லை.

கூட வேலை செய்தவர் ஒருத்தர்தான் ஒரு சனிக்கிழமை எடேல் என்ற கிராமத்துக்குக் கூட்டிப் போனார். பிக்காடில்லி ஸ்டேஷனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கி ஐந்து நிமிடம் நடந்திருப்போம். ஒரு கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி, அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் காரை பூசாத கல் சுவர், நடுவே ஒற்றையடித் தடம், சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள். நின்றுவிட்டேன். கிளுவை வேலிக்குப் பதில் கல் சுவர், அவ்வளவுதான். மற்றபடி இது எங்கள் ஊரில் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்க வேலிக்கும் இடையில் போகும் இட்டேரி.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவதே இதுதான். 'ஹைக்கிங்' என்றதும் ஆயிரம் பவுண்டு சாமான், தாடி வைத்த வெள்ளைக்காரர் என்று மிரள வேண்டாம். அடுத்தவர் தோட்டங்காட்டு வழியாக நடந்து போகத் தெரியும், படலைத் திறந்தால் மறுபடி சாத்த வேண்டும் என்று தெரியும் என்றால் உங்களுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அங்கே கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், சாத்தியிருந்தால் சாத்துங்கள். காரணம் இங்கே இருப்பதுதான்: ஆடு வெள்ளாமையில் இறங்கிவிடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே இட்டேரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உழுது காட்டோடு சேர்த்துக்கொண்டால் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்க வேண்டும். அங்கே அந்தத் தடத்துக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சுமார் 1,40,000 மைல் பாதை இருக்கிறது. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். நிலம் யாருடையதாக இருந்தாலும் பாதையை விட்டு இறங்காதவரை யாரும் உங்களை ஏனென்று கேட்க முடியாது.

ஆனால் மேலே இருக்கிற மேட்டு நிலம் வேறு கதை. எடேலுக்கு மேலே கிண்டர் ஸ்கௌட் என்று ஒரு மலை. அந்தக் காலத்தில் பெரிய பண்ணையார்கள் அங்கே பறவை வேட்டை ஆடுவார்கள், மற்றவர்களை விடமாட்டார்கள். 1932 ஏப்ரல் 24-ம் தேதி மான்செஸ்டர், ஷெஃபீல்ட் பக்கத்துத் தொழிலாளிப் பிள்ளைகள் சில நூறு பேர் அத்துமீறி அந்த மலையில் ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ரோத்மனுக்கு அப்போது வயது 20. ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். 1951-ல் அந்த வட்டாரம் முழுவதும் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது, பீக் டிஸ்ட்ரிக்ட். வாரமெல்லாம் மில் புகையில் நின்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்று எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று சிங்காநல்லூர் மில் வாசலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது நான் பட்ட பாடு.

கிண்டரின் உயரம் 636 மீட்டர். 'ராத்திரியில் தடி ஊன்றி வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவன், இதெல்லாம் ஒரு மலையா' என்று டிசம்பரில் ஒருநாள் தனியாகப் போனேன், அதுவும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி. வெள்ளியங்கிரியில் வழி தவற முடியாது. முன்னாலும் பின்னாலும் ஆள், வழியெல்லாம் சுக்குக் காப்பி. கிண்டர் உச்சி அப்படியில்லை, மேலே மொட்டையாகப் பரந்து கிடக்கும். தரையெல்லாம் கறுப்புக் கரிச்சேறு. பனிமூட்டம் இறங்கியதும் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. குளிரில் போன் பேட்டரி நாற்பது சதவீதத்திலிருந்து நேராக அணைந்துவிட்டது. ஒரு காலை வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போனது. காலை இழுத்தேன், கால் மட்டும் வந்தது. ஷூவைத் தோண்டி எடுப்பதற்குள் மணி மூன்றரை. ஒரு கல் சுவரைப் பிடித்துக்கொண்டே இருட்டில் இறங்கி ஸ்டேஷனுக்கு வந்தபோது பல் கிட்டியிருந்தது.

அன்றைக்குப் படித்த பாடங்களைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளெனக் கிளம்புங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்று, காகித வரைபடம் ஒன்று. பிரிட்டனில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை வரைபடம் வாங்குங்கள், 1:25,000 அளவு. பச்சைப் புள்ளிக்கோடுதான் நடைபாதை. நேரக் கணக்குக்கு 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன வாய்ப்பாடு இன்றைக்கும் செல்லும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இதில் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரமோ சின்னக் குழந்தையோ சேரவில்லை.

உடுப்பைப் பற்றிப் பேச எனக்கே சங்கடமாக இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்துக்காரன் சொல்லக்கூடாத வார்த்தை: பருத்தி வேண்டாம். நம் வெயிலுக்குப் பருத்திப் பனியனை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் குளிர் மலையில் அது வேர்வையையும் மழையையும் குடித்துவிட்டுக் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் அதைவிட மோசம். உள்ளே பாலியஸ்டரோ கம்பளியோ, மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். எல்லாவற்றையும் புதிதாக வாங்காதீர்கள், அறக்கட்டளைகள் நடத்தும் பழைய சாமான் கடைகளில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சோறு உங்கள் இஷ்டம். அகல வாய் ஃபிளாஸ்க்கில் சுடச்சுட அரிசிம்பருப்பு போட்டு, மேலே ஒரு கரண்டி நெய் விட்டு மூடிக்கொண்டு போனால் மதியம் ஒரு மணிக்கு மலை மேல் அதற்கு ஈடு கிடையாது. பக்கத்துப் பாறையில் ஆறிப்போன சாண்ட்விச் தின்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வாய் கொடுங்கள். எனக்கு அங்கே நிலைத்த சிநேகிதங்களில் இரண்டு இப்படி வந்தவைதான். ஆரஞ்சுத் தோல் உட்பட எல்லாக் குப்பையும் உங்கள் பையிலேயே திரும்ப வரட்டும்.

இனி ஜியோகேச்சிங், அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. குழந்தையோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். "நடக்கலாம் வா" என்றால் எந்தக் குழந்தையும் வராது. "ஒளித்து வைத்த டப்பாவைத் தேடலாம் வா" என்றால் நமக்கு முன்னால் ஷூவை மாட்டிக்கொண்டு நிற்கும். 2000-ம் வருசம் மே முதல் வாரம் வரை பொதுமக்கள் கையில் இருந்த ஜிபிஎஸ்ஸில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே 100 மீட்டர் வரை தப்பு வைத்திருந்தது. அதை நீக்கிய மறுநாளே, மே 3-ம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டோரம் ஒளித்துவிட்டு இடக்குறிப்பை இணையத்தில் போட்டார். கண்டுபிடித்தால் ஏதாவது எடுத்துக்கொள், ஏதாவது வைத்துவிட்டுப் போ என்பதுதான் விதி. இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் டப்பாக்கள் இருக்கின்றன.

செயலியை இறக்கிக்கொண்டால் போதும், தொடங்குவதற்கு இலவசக் கணக்கே தாராளம். ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும்: தேடுவது எவ்வளவு கஷ்டம், போகிற வழி எவ்வளவு கஷ்டம். இரண்டும் ஒன்றரைக்குள் இருப்பதில் ஆரம்பியுங்கள். போன் உங்களைக் கிட்டத்தில் கொண்டுபோய் விடும், கடைசிப் பத்து மீட்டர் உங்கள் கண்தான். வேர் இடுக்கு, சுவரில் பொருந்தாத கல், பாலத்துக்கு அடியில் காந்தம். டப்பா பழைய ஃபிலிம் ரோல் டப்பா அளவிலும் இருக்கும், வெடிமருந்துப் பெட்டி அளவிலும் இருக்கும். உள்ளே ஒரு நோட்டு, அதில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே எடுத்தபடி வைக்க வேண்டும். பேனா நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தின்பண்டம் மட்டும் வைக்கவே கூடாது, மோப்பம் பிடித்து ஏதாவது வந்து பிய்த்துவிடும். என் மகள் டப்பாவுக்கு ஒன்றாகச் சோழி வைத்துக்கொண்டே போனாள். இங்கிலாந்தில் எத்தனை குழந்தைகள் அதை என்னவென்று தெரியாமல் காதில் வைத்துக் கேட்டிருக்குமோ!

ஆட்டத்தில் சேராதவர்களுக்கு அங்கே 'மக்கிள்' என்று பெயர். அவர்கள் கண்ணில் படாமல் டப்பாவை எடுத்து வைப்பது பாதி விளையாட்டு. விவரம் தெரியாத ஒருத்தர் அதை எடுத்துப் போய்விட்டால் 'டப்பா மக்கிளாகிவிட்டது' என்பார்கள்.

தாராபுரத்துத் தங்கச்சி ஒருத்தர் பூச்சி பொட்டு பற்றிக் கேட்டிருந்தார். யானை இல்லை, புலி இல்லை. ஆனால் உண்ணி இருக்கிறது அம்மணி, நம் மாட்டில் இருக்குமே, அதைப் போன்றதுதான். புல்வெளியில் நடந்தால் பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் மாட்டுக்குச் செய்வது போல மண்ணெண்ணெய், எண்ணெய் எதுவும் வைக்காமல், மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பிறகு வட்டமாகச் சிவந்து படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும், லைம் நோயாக இருக்கலாம். கன்றோடு நிற்கும் பசுவிடமும் தள்ளியே நடங்கள். காங்கயம் காளையைப் பிடித்துப் பழகியவன் என்ற வீரம் அங்கே செல்லாது, அந்த மாட்டுக்கு உங்களைத் தெரியாது.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகையில் தூரம் இருக்காது, நடக்கிற நேரம்தான் இருக்கும். வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு மலைப்பாதை, வெள்ளை நீலம் வெள்ளை என்றால் கயிறு கட்டி ஏறுகிற ரகம், திரும்பிவிடுங்கள். அவசர எண் ஐரோப்பாவில் 112, அமெரிக்கா கனடாவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. பிரிட்டனில் மலையில் மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள்.

ஊருக்கு வரும்போது இரண்டு விசயம். அங்கே பழகிப்போய் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைப் பையில் போட்டு வந்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் அது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அடுத்தது, காடு என்று கண்ட இடத்தில் ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை உயிர் போனதை மறக்க முடியாது. ஆனைமலையோ சத்தியமங்கலமோ, வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். 2024-லிருந்து மாநிலம் முழுக்க 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். அதெல்லாம் வேண்டாம், குழந்தைகளோடு சும்மா ஒருநாள் என்றால் வெள்ளோட்டில் பறவை பாருங்கள், கொடிவேரியில் குளியுங்கள், நொய்யல் கரையில் கொடுமணல் மேட்டில் நின்று இங்கேதான் அந்தக் காலத்தில் கல்மணி செய்து கடல் கடந்து விற்றார்கள் என்று சொல்லுங்கள்.

பொது இடத்தில் டப்பா மட்டும் ஒளிக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் மர்மப் பெட்டி என்று வெடிகுண்டு நிபுணர்கள் வந்துவிடுவார்கள். நான் ஊர் திரும்பிய புதிதில், மகள் ஏங்கிப் போயிருக்கிறாளே என்று எங்கள் இட்டேரியிலேயே ஒன்று வைத்தேன். பழைய மருந்து டப்பா, உள்ளே ஒரு குட்டி நோட்டு, ஐந்து சோழி, கிளுவை வேலியில் ஒரு பனங்கருக்குக்கு அடியில். அவள் போனைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேடுகிறாள், ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்றுவிட்டார்.

"என்ன கண்ணு தொலச்சுப்போட்ட?"

"ஒண்ணுமில்லீங்க தாத்தா" என்றாள், மக்கிளிடம் சொல்லக்கூடாது என்ற விதிப்படி.

அவர் நம்பவில்லை. ஆட்டை விட்டுவிட்டு அவரும் வேலியை விலக்கி விலக்கித் தேடினார். பின்னால் சைக்கிளில் வந்தவரும் இறங்கிக்கொண்டார். இருட்டும் வரை டப்பா கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசல் திண்ணையில் அது இருக்கிறது, மண்ணெல்லாம் துடைத்து. விடிவதற்கு முன்னாலேயே பெரியவர் வந்து கொடுத்துவிட்டுப் போனதாக அம்மா சொன்னார். "உள்ள அஞ்சு சோழி இருக்குதுங்க, எண்ணிப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாராம்.