டெக்னிக்கல் ரைட்டிங் கற்க எந்தக் கைநூல்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டாக்குமெண்டேஷன் வேலை எனக்கு, அதாவது மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதிக்கொடுப்பது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரமே கேட்பது, "எந்த புக் வாங்கலாம்?" போன வருடம் சேர்ந்த தம்பி கேட்கவே இல்லை, 'சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல்' என்ற ஆங்கில எழுத்து நடைக் கைநூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1906-இல் முதலில் வந்து இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே வருகிற நூல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது எடிட்டர்களுக்கானது. கமா எங்கே வரும், அடிக்குறிப்பு எப்படி அமையும் என்று சொல்லும். ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அதில் தேடக்கூடாது.

அவருடைய முதல் வரைவில் ஒரு படி: "சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும். அதற்கு முன் பேக்கப் எடுத்திருப்பதை உறுதி செய்யவும்." இலக்கணம் சுத்தம். ஆனால் படிக்கிறவர் முதல் வாக்கியம் முடிந்ததுமே ரீஸ்டார்ட் செய்துவிடுவாரே! இதைக் கண்ணில் காட்டுகிற புத்தகம்தான் கற்பதற்கு வேண்டும்.

அதனால் வாங்குமுன் செய்முறை பற்றிய அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். சரியில்லாத வடிவமும் திருத்திய வடிவமும் அடுத்தடுத்து இருக்கின்றனவா? ஏன் திருத்தினார்கள் என்று காரணம் இருக்கிறதா? வெறும் விதிகள்தான் என்றால் கீழே வைத்துவிடலாம். ஐபிஎம் எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய 'டெவலப்பிங் குவாலிட்டி டெக்னிக்கல் இன்ஃபர்மேஷன்' இதில் தேறும். மூன்றாம் பதிப்பு 2014. துல்லியம், தெளிவு, தேடினால் கிடைப்பது என்று 9 தன்மைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக உதாரணம் கொடுத்திருப்பார்கள். தம்பிக்கு அதைத்தான் கொடுத்தேன். சிகாகோ இப்போது டீம் அலமாரியில் இருக்கிறது, கமா சண்டை வந்தால் பஞ்சாயத்துக்கு எடுப்போம்.

---

மேலே சொன்னது சரிதான், ஆனால் துறையையும் பார்க்கணும். நான் விமானப் பராமரிப்பு மேனுவல் பக்கம். இங்கே ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற, எளிமையாக்கிய டெக்னிக்கல் ஆங்கிலத்துக்கான தரநிலைதான் வேதம். செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்குள், விளக்க வாக்கியம் 25 சொல்லுக்குள் முடியணும். எச்சரிக்கை என்றால் கட்டளை முதலில், என்ன ஆபத்து என்பது அப்புறம். விண்ணப்பித்தால் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

எங்களோடு சேர்ந்த எம்.ஏ. ஆங்கிலம் படித்த ஒருவர் அதைப் புரட்டிவிட்டு, "இது என்ன சார், எல்கேஜி இங்கிலீஷ்?" என்றார். ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மெக்கானிக், ஸ்பேனரும் கையுமாக நின்று படிக்கிற எழுத்து இது. அங்கே அழகு யாருக்கு வேண்டும்? ஆனால் ஒன்று, இது வாக்கியத்தைத்தான் ஒழுங்காக்கும். ஒரு முழு மேனுவலைத் திட்டமிடக் கற்றுத்தராது. அதற்கு மேலே சொன்னது போல வேறு புத்தகம் வேண்டும்.

---

காசு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே! இந்த நூல்களெல்லாம் புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். நான் திருவல்லிக்கேணி பாரதி சாலை பழைய புத்தகக் கடையில் 'ஹேண்ட்புக் ஆஃப் டெக்னிக்கல் ரைட்டிங்' பழைய பதிப்பு ஒன்று வாங்கினேன். தலைப்புகள் அகராதி போல அகர வரிசையில் இருக்கும். உட்கார்ந்து படிக்கிற நூல் இல்லை, சந்தேகம் வந்தால் எடுக்கிற நூல். அறிக்கை, முன்மொழிவு, வாக்கிய அமைப்பு இதற்கெல்லாம் பழைய பதிப்பே தாராளம்.

திரையில் வருகிற பட்டன், மெனு பற்றி எழுதத்தான் பழசு உதவாது. அதற்கு உதவுகிற மைக்ரோசாஃப்ட்டின் எழுத்து நடைக் கைநூல் அச்சில் 2012-இல் நான்காம் பதிப்போடு நின்றுவிட்டது. 2018 முதல் அவர்களுடைய ஸ்டைல் கைடு ஆன்லைனில் இலவசம். "கிளிக்" என்று எழுதாமல் "செலக்ட்" என்று எழுதச் சொல்கிறது, ஏனென்றால் எல்லோர் கையிலும் மவுஸ் இல்லை. கூகுளும் டெக்னிக்கல் ரைட்டிங் பாடத்தைப் பயிற்சிகளோடு இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் அதை முடித்துவிட்டு, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு புத்தகத்துக்குச் செலவழியுங்கள்.