சனிக்கிழமை கொடைக்கானல்: கீழத்தெரு குழு

குழு: கீழத்தெரு வீடுகள், காரைக்குடி
நவம்பர், வியாழன் இரவு

மீனா (7:42): எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை கொடைக்கானல் கிளம்புறோம். ஏழு பேர், எர்டிகா, மேனுவல் கியர். ஆயாவும் ரெண்டு வயசுப் பிள்ளையும் வர்றாங்க. நத்தம் வழி நல்லதா, மதுரை வழி நல்லதா? மழை விட்டபாடில்லையே.

கதிரேசன் (7:46): திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், செம்பட்டி, வத்தலக்குண்டு. இதான் நேர் வழி அக்கா. கொடை வரைக்கும் 200 கி.மீ. சொச்சம். ஆனா வெள்ளி ராத்திரி கொட்டித் தீர்த்துச்சுன்னா இந்த வழி வேண்டாம். ரோட்டை ஒட்டிக் கண்மாயா இருக்கு. மறுகால் தண்ணி ரோட்டுல ஏறினா விடியக்காலை இருட்டுல தெரியாது. அப்படின்னா மேலூர், மதுரை, நிலக்கோட்டை வழியா வத்தலக்குண்டு போங்க. சுத்துதான், ஆனா ரோடு அகலம்.

கதிரேசன் (7:48): இன்னொண்ணு. மழை நாள்ல மாடெல்லாம் ஈரத்துக்கு ஒதுங்கித் தார் ரோட்டுல வந்து படுத்துக்கும். திருப்பத்தூர் தாண்டி விடியிற வரைக்கும் 60க்கு மேல போகாதீங்க.

வள்ளி ஆச்சி (7:53): மீனா, அன்னைக்கே திரும்புறியா?

மீனா (7:54): ஆமா ஆச்சி, ராத்திரிக்குள்ள வந்துரலாம்னு இருக்கோம்.

வள்ளி ஆச்சி (7:55): வேணாம்த்தா. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரி மழையில மலை இறங்க வேணாம்.

சோமு அண்ணன் (8:02): ஆச்சி சொல்றதுதான் சரி. மலை ஏறுறது பெரிய காரியமில்ல மீனா, இறங்குறதுதான். ஐப்பசி கார்த்திகையில மத்தியானத்துக்கு மேல மேகம் ரோட்டுலயே வந்து உக்காந்துக்கும். பத்தடிக்கு முன்னால என்ன வருதுன்னு தெரியாது. ஒரே நாள் பயணம்னா நீங்க ஏரியைச் சுத்திட்டுக் கிளம்புற நேரமும் அந்த நேரமும் ஒண்ணா வரும். ஈர ரோடு, மூட்டம், இருட்டு மூணும் சேரும். ராத்திரி தங்கிட்டு ஞாயிறு காலை எட்டு எட்டரைக்கு இறங்குங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு நத்தம் வந்துரலாம்.

மீனா (8:05): சரிண்ணே, தங்கிர்றோம். போறப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

கதிரேசன் (8:07): நாலரை. எட்டு மணி வாக்குல வத்தலக்குண்டு. டேங்கை அங்கயே நிரப்பிருங்க. தேவதானப்பட்டி ரோட்டுல காட்ரோடு பிரிவுல வலது கை திரும்பினா மலை ஆரம்பம். டம்டம் பாறை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, அப்புறம் ஊர். நிதானமா ஏறினாலும் பத்தரை பதினொண்ணுக்குள்ள ஏரிக்கரை. டம்டம் பாறையில நிப்பாட்டுங்க. மேகம் விலகி இருந்தா எதிர்ல எலிவால் அருவி முழுசாத் தெரியும். மழைக்காலத்துல அதைப் பாக்காம போகக் கூடாது.

கதிரேசன் (8:08): போன்ல மேப்பு பெரியகுளம், அடுக்கம் வழியைக் காட்டினா போகாதீங்க. குறுகல் ரோடு, மழையில மண் சரியும். பழனி ரோட்டுலயும் அடிக்கடி சரிவு உண்டு.

பெரியகருப்பன் மாமா (8:15): இ-பாஸ் எடுத்தாச்சா? 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிக்குக் கட்டாயம், உயர் நீதிமன்ற உத்தரவு. வண்டி நம்பர், எத்தனை பேர், போற தேதி, திரும்புற தேதி, தங்குற இடம் எல்லாம் கேக்கும். தங்குறதா இப்ப மாத்திட்டீங்க, அதுனால அறையைப் பிடிச்சுட்டு அப்புறம் பதிவு பண்ணுங்க. படத்தைப் போன்ல சேமிச்சு, ஒரு காகிதத்துலயும் எடுத்து வச்சுக்கங்க. மலையில சிக்னலை நம்ப முடியாது.

பெரியகருப்பன் மாமா (8:16): 5 லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மேல கொண்டு போகக் கூடாது, அபராதம் உண்டு. எவர்சில்வர் தூக்கும் கூஜாவும் எடுத்துட்டுப் போங்க.

சோமு அண்ணன் (8:24): இனி வண்டி விஷயம். பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?

மீனா (8:26): வண்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சு. மாத்துன மாதிரி தெரியலண்ணே.

சோமு அண்ணன் (8:33): அப்ப நாளைக்குக் காலையில முதல் வேலை அதான். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். டாட் 3ன்னு ஒரு வகை பிரேக் ஆயில், புதுசுன்னா குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினப்புறம் 140லயே கொதிக்கலாம். 50 கி.மீ.க்கு மேல இறக்கம், ஏழு பேர் பாரம். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக் டிஸ்க் சூடு அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்கு ஏறி, ஆயில் கொதிச்சு ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரைக்குப் போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு சொல்றது இதுக்குத்தான்.

சோமு அண்ணன் (8:36): அதே நேரத்துல பிரேக் பேடையும் பாத்துருவோம், 3 மி.மீ.க்குக் கீழ தேஞ்சிருந்தா புதுசு போடணும். டயர் பட்டன், அதான் டயர் மேல இருக்கிற வெட்டு, அதோட ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. போதும், மழைக்கு அது பத்தாது. 3 மி.மீ.யாவது இருந்தாத்தான் தண்ணியை வெளிய தள்ளும். வைப்பர் ரப்பர் கோடு போட்டுத் துடைச்சா மாத்திருங்க.

கதிரேசன் (8:41): இறங்குறப்ப எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர். பெரும்பாலும் ரெண்டு, கொண்டை ஊசி வளைவுல தேவைப்பட்டா ஒண்ணு. நியூட்ரல் கூடவே கூடாது. என்ஜினை அணைச்சா ரெண்டு மூணு மிதியில பிரேக் கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் இறுகும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைச்சு உடனே காலை எடுத்துரணும். கருகல் வாசனை வந்தா அகலமான இடமாப் பாத்து ஓரங்கட்டி அரை மணி ஆற விடுங்க, தண்ணி ஊத்தக் கூடாது. மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும்.

மீனா (8:44): மூட்டத்துல லைட் எப்படிப் போடணும்?

கதிரேசன் (8:46): டிம் லைட், ஃபாக் லைட் இருந்தா அதுவும். ஹைபீம் போட்டா மூட்டத்துல பட்டு வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பும். ஓடுற வண்டியில நாலு இண்டிகேட்டரும் போட வேணாம், எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பின்னால வர்றவனுக்குத் தெரியாது. ஏழு பேர் மூச்சுல கண்ணாடி உள்ள ஆவி படியும். ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காத்து வர்ற மாதிரி வச்சு, காத்தை முன் கண்ணாடிக்குத் திருப்புங்க. ஏ.சி. ஈரத்தை எடுத்துரும். ஆவி வெளிப்பக்கம் படிஞ்சா கண்ணாடி ரொம்பக் குளுந்திருச்சுன்னு அர்த்தம். குளிரைக் குறைச்சு வைப்பரைப் போடுங்க.

வள்ளி ஆச்சி (8:52): கடைசி சீட்டுல ஆயாவை உக்கார வைக்காதே, அங்கதான் தூக்கிப் போடும். முன் சீட்டு குடு. வத்தலக்குண்டுக்கு முன்னாடியே மிளகாய்ப்பொடி தடவுன இட்லி ரெண்டு, போதும். பூரி பொங்கல்னு வயிறு நிறையச் சாப்பிட்டு மலை ஏறினா ஊத்து வர்றதுக்குள்ள வாந்திதான். பிள்ளைக்கு ஏறுறப்பக் காது அடைக்கும், அப்பப்ப ஒரு வாய் பாலோ தண்ணியோ குடுத்துக்கிட்டே வா.

பெரியகருப்பன் மாமா (8:58): ஏரி 1863ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டி உண்டாக்குனது. சுத்துப் பாதை 5 கி.மீ. கிட்ட வரும். பலத்த மழைன்னா படகை நிறுத்திருவாங்க, அதுனால போன உடனே படகு, அப்புறம்தான் சாப்பாடு. ஏரி வழிஞ்சு போற தண்ணிதான் கீழ வெள்ளி நீர்வீழ்ச்சியா விழுது. போறப்ப அருவி பெருக்கெடுத்து விழுந்தா ஏரி ததும்புதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

மீனா (9:03): எந்த அளவு மழைன்னா பயணத்தையே தள்ளி வைக்கணும்?

பெரியகருப்பன் மாமா (9:07): திண்டுக்கல், தேனி ரெண்டு மாவட்டத்துக்கும் வானிலை மையம் என்ன சொல்லுதுன்னு வெள்ளி ராத்திரி பாருங்க. 24 மணி நேரத்துல 64.5 மி.மீ. தாண்டினா கனமழை, 115.6 தாண்டினா மிக கனமழை. ஆரஞ்சு எச்சரிக்கைன்னா தள்ளி வையுங்க. மஞ்சள்தான்னாலும், முந்தின மூணு நாளும் விடாம பெஞ்சிருந்தா எனக்குச் சம்மதமில்ல. மண்ணு ஊறிக் கிடந்தா சின்ன மழைக்கே சரியும்.

மீனா (9:09): சரி மாமா. அறை கொடுத்த பணம் போனாலும் பரவாயில்ல, பாத்துட்டே முடிவு பண்றோம்.

சோமு அண்ணன் (9:14): காலை ஒம்பதுக்கு வண்டியை விடுங்க. டிக்கியைக் காலி பண்ணிட்டுக் கொண்டாங்க. எர்டிகாவுல ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்கும், அதை இறக்குற ஆணி துரு ஏறி இறுகி இருக்கும். இங்கயே ஒரு தடவை இறக்கி, கிரீஸ் போட்டு, காத்து பாத்து ஏத்திருவோம். ஜாக்கியும் ஸ்பேனரும் மூட்டைக்கு அடியில போகாம மேலாப்புல இருக்கட்டும்.