ரீகாயில் ஆபரேஷனுக்கு ‘உதையியக்கம்’னு வைக்கலாமா?

வணக்கம் எல்லாருக்கும்,

துப்பாக்கி தானா இயங்கற முறைகளுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு போன வாரம் நான் போட்ட கேள்விக்கு வந்த மடல் எல்லாத்தையும் படிச்சேன், தனித்தனியா பதில் போட முடியல, அதனால ஒரே மடலா எழுதிடறேன். புதுசா சேர்ந்தவங்களுக்காக விஷயம் இதுதான்: துப்பாக்கிகள வடிவமைச்ச அமெரிக்கர் ஜான் பிரௌனிங் பத்தி சின்னப் பசங்களுக்கான ஒரு தொகுப்புக்கு கட்டுரை எழுதிக் கொடுத்தேன், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வாங்கிப் பார்த்தா நான் வேற வேற பேர்ல எழுதியிருந்த மூணு முறையையும் (ரீகாயில், கேஸ், ப்ளோபேக், மூணும் துப்பாக்கி அடுத்த தோட்டாவ தானே ஏத்திக்கற வழிங்க) எடிட் பண்ணவங்க ‘தானியங்கி முறை’ன்னு ஒரே சொல்லா மாத்தி வச்சிருந்தாங்க. அந்த மனுஷன் பல வருஷம் மண்டைய ஒடச்சிக்கிட்டதே அந்த மூணுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான். அதை எடுத்துட்டா அவர் என்ன செஞ்சார்ங்கறதே கட்டுரைல இல்ல. ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு.

> தானியங்கின்னே விட்டுடலாமே, எல்லாருக்கும் புரியுதே

புரியுதுங்க ஐயா, ஆனா என்ன புரியுது? கேட்லிங்னு ஒரு அமெரிக்கர் 1862-ல காப்புரிமை வாங்கின துப்பாக்கியக் கூட தமிழ்ல ‘முதல் தானியங்கித் துப்பாக்கி’ன்னு எழுதறவங்க இருக்காங்க. அது தானா இயங்கவே இல்ல. பக்கத்துல ஒரு ஆள் நின்னு கைப்பிடியச் சுத்திக்கிட்டே இருக்கணும், சுத்தறத நிறுத்தினா சுடறதும் நின்னுடும். கேட்லிங் அதுக்கு முன்னாடி விதை விதைக்கற கருவி செஞ்சவர், ஒவ்வொரு விதையா கீழ விழற மாதிரி ஒவ்வொரு தோட்டாவா விழ வச்சாரு. பெரிய மூளைதான், ஆனா உழைப்பு மனுஷன் கையோடது.

அந்தக் கைய எடுத்தது ஹைரம் மாக்சிம். அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல பொறந்து லண்டன் ஹாட்டன் கார்டன்ல பட்டறை போட்டவர். துப்பாக்கி சுட்டா தோள்ல உதைக்குமே, அந்த உதை வீணாத்தானே போகுது, அதையே அடுத்த தோட்டாவ ஏத்தற வேலைக்கு விட்டா என்னன்னு யோசிச்சாரு. 1884-ல செஞ்சும் காட்டினாரு. அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க: குண்டு வெடிச்சதும் குழலும் அதுக்குப் பின்னால இருக்கற பூட்டும் ஒண்ணாப் பின்னால நகருது, ஒரு இஞ்சு கூட இல்ல, அதுக்குள்ள நம்ம முழங்கால் மாதிரி நீட்டி வச்சிருந்த ஒரு மூட்டு மடங்குது, மடங்கினதும் பூட்டு மட்டும் குழல விட்டுப் பிரிஞ்சு காலித் தோட்டாவ இழுத்துக்கிட்டுப் போகுது, துணிப் பட்டைலேர்ந்து அடுத்தது வருது, ஸ்பிரிங் எல்லாத்தையும் திருப்பித் தள்ளுது, முழங்கால் மறுபடி நீளுது. நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 600 தடவை. விசைய அழுத்திப் புடிச்சிருந்தாப் போதும்.

இதத்தான் இங்கிலீஷ்ல ரீகாயில் ஆபரேஷன்னு சொல்றாங்க, இதுக்குத்தான் பேர் வேணும். எனக்கு ‘உதையியக்கம்’னு தோணுது.

‘பின்னியக்கம்’, ‘எதிர்வீச்சு’ன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. பின்னியக்கம் பாடப் புஸ்தகத்துக்கு சரிதான், ஆனா ஆபரேஷன்னு சேர்க்கும்போது ‘பின்னியக்க இயக்கம்’னு வருது, வாய்ல நிக்கல. எதிர்வீச்சுன்னா எதிர்ல இருந்து யாரோ எறியற மாதிரி இருக்கு. உதை நாம ஏற்கெனவே சொல்ற சொல். காலேஜ்ல என்சிசி-ல இருந்தப்போ .303 ரைஃபிளக் கைல குடுத்துட்டு எங்க ஹவில்தார் சொன்ன முதல் வார்த்தையே “தோள்ல நல்லா அமுக்கி வை, உதைக்கும்”தான். நான் அரைகுறையா வச்சு வாங்கின உதைல ரெண்டு நாள் கைய மேல தூக்க முடியல.

யாழ்ப்பாணத்து அண்ணா எழுதின மடல்தான் எனக்குத் தைரியம் குடுத்தது. வாய்ப்பக்கம் மருந்து போட்டு இடிச்சு ஏத்தற துவக்க (துப்பாக்கிய) அங்க ‘இடியன்’னு சொல்லுவாங்களாம். எந்தக் குழுவும் உக்காந்து ஆக்கின சொல் இல்ல, கை என்ன செய்யுதோ அதுவே பேராயிடுச்சு. துப்பாக்கி, பீரங்கின்னு வெளில இருந்து வந்த சொல்லுங்க நடுவுல இடியன் எப்படி நம்ம சொல்லா நிக்குது பாருங்க. அந்த வழியிலதான் உதைய எடுக்கச் சொல்றேன்.

இதுல இன்னொரு வசதியும் இருக்கு. உதையியக்கத்துல ரெண்டு வகை. மாக்சிம் மாதிரி குழல் கொஞ்சமா நகர்ந்து நின்னுடறது ஒண்ணு, 1911-ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியும் இதே வகைதான். குழல் பூட்டோடவே கடைசி வரைக்கும் பின்னால போய்ட்டு, அப்புறம் குழல் மட்டும் முதல்ல முன்னால திரும்பறது இன்னொண்ணு, பெல்ஜியத்துல எஃப்என் கம்பெனி செஞ்ச பிரௌனிங்கோட ஷாட்கன் அப்படி. குறு + உயிர் குற்றுயிர் ஆகுது, குறு + எழுத்து குற்றெழுத்து ஆகுது, அப்போ முதல் வகை குற்றுதை, ரெண்டாவது நெட்டுதை. குற்றுதைன்னா குற்றம் மாதிரி கேக்குதேன்னு ஒருத்தர் சொன்னார், குற்றியலுகரத்த யாரும் குற்றம்னு நினைக்கறதில்லையே, பழகிடும்.

அடுத்தது கேஸ் ஆபரேஷன், அதாவது வெடிவாயுவோட வேகத்த வேலைக்கு விடற முறை. 1889-ல பிரௌனிங், யூட்டால அவர் ஊர்ப் பக்கம் சுட்டுக்கிட்டு இருந்தப்போ குழல் வாய்ல இருந்து வர்ற காத்துல முன்னால இருந்த புல்லு சாயறதப் பார்த்தாரு. அந்த வேகமும் வீணாத்தானே போகுது? பட்டறைக்கு வந்து, நடுவுல ஓட்டை போட்ட ஒரு இரும்புத் துண்ட குழல் வாய்க்கு நேரா வச்சு சுட்டாரு, குண்டு ஓட்டை வழியாப் போச்சு, இரும்பு பறந்துடுச்சு. அங்கேர்ந்து வந்ததுதான் கோல்ட் (Colt) கம்பெனியோட 1895 மெஷின்கன். 1949-ல சோவியத் ராணுவம் ஏத்துக்கிட்ட கலாஷ்னிகோவ் துப்பாக்கியும் வெடிவாயுவக் குழல்ல போட்ட ஒரு ஓட்டை வழியா மேல எடுத்து பிஸ்டனத் தள்ளற முறைதான். இதுக்கு ‘புகையியக்கம்’னு ஒரு யோசனை வந்தது. எனக்கு அது வேண்டாம்னு படுது, ஏன்னா பழைய கரிமருந்து விடற புகையும் கசடும்தான் இந்த மாதிரி நுணுக்கமான துப்பாக்கிக்கெல்லாம் எதிரி, பிரான்ஸ்ல பால் வியேய் 1884-ல புகையில்லா மருந்து செஞ்சதுக்கு அப்புறம்தான் இதெல்லாம் நம்பிக்கையா ஓட ஆரம்பிச்சது. அதனால என் யோசனை வளியியக்கம், வளின்னா வாயுதானே.

> ஆளக் கொல்ற கருவிக்கு எதுக்கு இவ்ளோ பாத்துப் பாத்து பேர் வைக்கணும்?

அக்கா, இந்தக் கேள்விய நான் லேசா எடுத்துக்கல, ரெண்டு நாள் யோசிச்சேன். 1898 செப்டம்பர் 2-ஆம் தேதி சூடான்ல ஓம்துர்மான்ல நடந்த சண்டைல அஞ்சாறு மணி நேரத்துல சூடான் பக்கம் பத்தாயிரம் பேர் வரைக்கும் செத்தாங்க, எதிர்ப்பக்கம் இருந்த பிரிட்டிஷ்-எகிப்துப் படைல ஐம்பது பேர் கூட சாகல. பீரங்கியும் ரைஃபிளும் கூட நிறையக் கொன்னது, அதுங்களோட மாக்சிமும் வரிசைல நின்னுச்சு. ‘நவீன ஆயுதங்களால் தாக்கினர்’னு எழுதிட்டு நகர்ந்தா படிக்கற புள்ளைக்கு என்ன தெரியும்? ஒருத்தன் தோள்ல வாங்கின வலியப் புடிச்சு அதையே அடுத்த தோட்டாவத் தள்ள வச்சான், அதான் அங்க நின்னுச்சுன்னு எழுதினாத்தான் நடந்தது உறைக்கும். அதுக்குத்தான் கேக்கறேன்.

மூணாவது முறையான ப்ளோபேக்குக்கு மட்டும் இன்னும் பேர் பிடிபடல. அங்க குழல் அசையாது, குழலோட எதுவும் பூட்டிக்கறதும் கிடையாது, வெடிச்ச தோட்டாவோட கூடே பின்னால தள்ளிக்கிட்டு வருது, எதிர்ல இருக்கற கனமும் ஸ்பிரிங்கும்தான் அதத் தாமதப்படுத்துது. ‘கூட்டுந்தல்’னு எழுதிப் பார்த்தேன், கூட்டம் உந்தற மாதிரி படிக்குது. ‘பின்னுந்தல்’னு வச்சா உதையோட குழம்பிடுமோன்னு சந்தேகம். வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தின படிய அனுப்பணும், அதுக்கு முன்னாடி யாராவது நல்ல சொல்லா ஒண்ணு குடுங்க.