நரம்புவழி மரப்பூட்டல்: ரீஜனல் அனஸ்தீசியாவுக்கு என் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ரீஜனல் அனஸ்தீசியாவுக்கு, அதாவது நினைவு தப்பாமல் உடலின் ஒரு பகுதியை மட்டும் வலி தெரியாமல் செய்வதற்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை வட்டார மயக்கம், பகுதி மயக்கம், மண்டல உணர்விழப்பு. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கக் கேட்கிறேன். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியைச் சிரையோடு தைக்கும் இணைப்பு) போடவிருக்கும் ஒருவர் ஒப்புதல் படிவத்தில் இந்தச் சொல்லைப் படிக்கிறார். படித்ததும் தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று அவருக்குப் பிடிபட வேண்டும். 'பகுதி மயக்கம்' என்றால் அரை மயக்கம் என்றுதான் தோன்றும். கண் செருகி, பேச்சு குழறிக் கிடப்போமோ என்று நினைப்பார். உண்மையில் அவர் முழு விழிப்போடு இருப்பார், கை மட்டும்தான் அடங்கிக் கிடக்கும்.

எனக்கு இதே அறுவை நடந்தபோது படிவத்தில் 'பகுதி மயக்கம்' என்றே இருந்தது. காறை எலும்புக்கு மேலே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, திரையில் நரம்புக் கற்றையைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கதகதத்தது, அப்புறம் கை கனத்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தோளிலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்த மருத்துவர், "சில்லுனு தெரியுதா?" என்றார். தெரியவில்லை. "கட்டைவிரலைத் தூக்குங்க" என்றார். தூக்கத்தான் பார்த்தேன், விரல் அசையவில்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் மணிக்கட்டில் தையல் நடந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் நான் மயக்க மருத்துவரோடு என் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இழுப்பது லேசாகத் தெரிந்தது, வலி இல்லை.

அன்றைக்கு எனக்குப் பிறகு அறுவை முடிந்து வந்தவர் சொன்னது இன்னும் முக்கியம். "மயக்கம் குடுக்கிறோம்னாங்க. எனக்கு மயக்கமே வரலை. மருந்து ஏறலைன்னு நெனச்சுக் கத்திட்டேன் சார்." அவருக்கு மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. படிவத்தில் இருந்த சொல்தான் அவரை அலற வைத்திருக்கிறது. நோயாளி விழித்திருக்கும் எந்த முறையின் பெயரிலும் 'மயக்கம்' வரக்கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

'உணர்விழப்பு' அதைவிட மோசம். 'உணர்விழந்து கிடந்தார்' என்று நாளிதழில் படித்தால் நினைவு தப்பியவர் என்றுதானே புரிந்துகொள்கிறோம்?

கால் மரத்துப்போச்சு, பல் பிடுங்கும்போது மரப்பு ஊசி போட்டார்கள் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். அந்த 'மரப்பு' கையில் இருக்கும்போது வேறு சொல்லுக்கு அலைய வேண்டாம். ஆனால் மரப்பு என்று மட்டும் சொன்னால் போதாது. அறுவை செய்யும் இடத்தில் தோலுக்கடியில் மருந்தைச் செலுத்தி அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வது ஒன்று. கைக்கு வரும் நரம்புப் பின்னலைச் சுற்றி மருந்தைச் செலுத்திக் கை முழுவதையும் மரக்கச் செய்வது வேறு. இரண்டாவதில் வலி நரம்புகளோடு, இரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும் நரம்புகளும் ஓய்ந்துவிடுகின்றன. சிரை விரிந்து கொடுக்கிறது, அதில் ஓட்டமும் கூடுகிறது.

ஃபிஸ்டுலாவுக்கு இது பெரிய விஷயம். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு கிளாஸ்கோவில் 126 பேரிடம் செய்த ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நரம்புப் பின்னலில் ஊசி போட்டவர்களில் 84 விழுக்காட்டினருக்கும், அந்த இடத்தில் மட்டும் ஊசி போட்டவர்களில் 62 விழுக்காட்டினருக்கும் ஃபிஸ்டுலா அடைபடாமல் இருந்தது. இவ்வளவு வித்தியாசம் உள்ள இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டாமா? முதலாவதை 'இட மரப்பூட்டல்' என்போம். இரண்டாவது 'நரம்புவழி மரப்பூட்டல்'. முதுகில் போடுவது 'தண்டுவட மரப்பூட்டல்'. நினைவே இல்லாமல் செய்வதற்கு மட்டும் 'மயக்கமூட்டல்' இருக்கட்டும்.

நேற்று மருத்துவர் அம்மா ஒருவர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. சிறுநீரகம் பழுதானவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்கு மரப்பு என்றால் பாதத்தில் வந்து போகாமல் தங்கிவிட்ட நோய். கையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயப்படுவார்கள் என்கிறார். அதற்காகத்தான் வெறும் 'மரப்பு' என்று விடாமல் 'மரப்பூட்டல்' என்கிறேன். ஊட்டல் என்றதும் ஒருவர் வேண்டுமென்றே செய்வது என்பது தெரிந்துவிடும். ஆனாலும் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் அம்மா: "சில மணி நேரம் கை மரத்திருக்கும், அதுவரை கழுத்தில் மாட்டும் தூளியில் கையை வைத்துக்கொள்ளவும், சூடான எதன் மேலும் படவிட வேண்டாம்."

யாழ்ப்பாணத்து நண்பர் 'விறைப்பு' என்கிறார். பல் பிடுங்க விறைப்பூசி என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த சொல். தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் பொருள் வேறு பக்கம் போய்விடும். அங்கே விறைப்பு, இங்கே மரப்பு என்று இரண்டையும் அகராதியில் ஏற்றலாம். தமனி–சிரை, நாடி–நாளம் இரண்டையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

ஃபிஸ்டுலாவைப் பற்றிச் சுருக்கமாக. பழைய அகராதிகளைப் பார்த்து இதைப் 'புரை' என்றோ 'பௌத்திரம்' என்றோ மட்டும் எழுதிவிட வேண்டாம். பேருந்து நிலையச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம். 1966-இல் நியூயார்க்கில் பிரேஷியா, சிமினோ குழுவினர் வெளியிட்ட முறை மணிக்கட்டுத் தமனியைப் பக்கத்துச் சிரையோடு தைத்து இணைப்பது. 'தமனி–சிரை இணைப்பு' போதும். தொட்டால் தெரியும் துடிப்பை இங்கே எல்லோரும் 'திரில்' என்கிறார்கள். எழுத்தில் 'அதிர்வு' என்று போட்டால் யாருக்கும் குழப்பம் வராது. தினமும் காலையில் விரல் வைத்துப் பார், அதிர்வு இல்லையென்றால் உடனே ஓடி வா என்று சொல்ல வேண்டிய சொல் அது, எளிதாக இருக்கட்டும்.

டயாலிசிஸுக்கு இரத்தம் எடுத்துத் திருப்பிச் செலுத்தும் வழிகளை மொத்தமாகச் சொல்ல, அதாவது ஃபிஸ்டுலா, செயற்கைக் குழாய், கழுத்துக் குழாய் மூன்றுக்கும் பொதுவாக, எனக்கு இன்னும் சரியான சொல் அகப்படவில்லை. 'குருதி வாயில்' என்று ஒன்று மனத்தில் இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்யும் செவிலியர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் இதை நோயாளிகளிடம் இரண்டு வாரம் சொல்லிப் பார்த்து, என்ன முகம் காட்டுகிறார்கள் என்று எழுதினால் அதன் பிறகு முடிவு செய்யலாம்.