காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத 407: பம்ப்பை இறக்கணுமா, வேறு ஏதாவதா?

சென்ட்ரிங் வாடகை, கே.ஆர்.புரம்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, சாரக் கம்பி வாடகைக்கு விடுகிற சின்னத் தொழில். இருக்கிற ஒரே வண்டி 2004 மாடல் டாடா 407. டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புகிற பம்ப் பழைய இன்லைன் வகை, சென்சார் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பகலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சர்ஜாபூர் ரோடு சைட்டில் லோடு இறக்கிவிட்டு மத்தியானம் வரை நிறுத்தி வைத்தாலும் சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க நின்றால்தான் தகராறு. விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப்பில் இருக்கும் கை பம்ப்பைத் திருகி எடுத்து அடித்தால் முதலில் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி லேசாகப் போகிறது, விடாமல் அடித்தால் கொஞ்ச நேரத்தில் இறுகுகிறது, அதற்குப் பிறகு செல்ஃப் அடித்தால் ஒரு பெரிய வெள்ளைப் புகையை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் அன்று முழுக்கப் பிரச்சினை இல்லை.

வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் பம்ப்பை இறக்கி, உள்ளே டீசலை அழுத்துகிற எலிமென்ட்டை மாற்ற வேண்டும், கூடவே சிலிண்டரில் டீசலைப் பீய்ச்சுகிற நாலு நாசிலும் மாற்றிவிடலாம், 25,000 ரூபாய் எடுத்து வைங்க என்கிறார். டிரைவரோ இன்னொரு வழி சொல்கிறார்: துணியில் பெட்ரோல் நனைத்து ஏர் கிளீனர் வாயில் காட்டினால் உடனே பிடிக்கும் என்று. எனக்கு அதில் பயம். ஏழு மணிக்குள் தகடு சைட்டில் இறங்கவில்லை என்றால் மேஸ்திரி வேறு ஆளிடம் போய்விடுவார், அதனால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. 25,000 போட்டும் சரியாகவில்லை என்றால் இந்த மாதம் கூலி கொடுப்பதே கஷ்டம். பம்ப் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ரோடு டெம்போ

அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். காலையில் பிடிக்காமல் சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? ஆள் ஒருத்தரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளையாக வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரிவதற்குச் சூடு போதவில்லை. அது கம்ப்ரஷன், டைமிங், நாசில் பக்கம். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, வண்டியை ராத்திரி எப்படி நிறுத்துகிறீர்கள்? சமதளமா, சரிவா?

சென்ட்ரிங் வாடகை, கே.ஆர்.புரம்

நன்றி தம்பி. இன்று காலையில் பார்த்தேன். கை பம்ப் அடிக்கிற வரை ஒரு துளிப் புகை இல்லை. யார்டு ரோட்டை விட உயரம், உள்ளே ஏறி மூக்கு மேலே இருக்கிற மாதிரித்தான் எப்போதும் நிறுத்துகிறோம், தகடு ஏற்ற அதுதான் வசதி. நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவு வருகிறது, டேங்க் நிரப்பிவிட்டு நிறுத்திய மறுநாள் தொந்தரவு குறைவு. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

பம்ப் வேலை, பீன்யா

சம்பந்தம் இருக்கிறது சார், அதுதான் விஷயமே. நான் பம்ப் கடையில்தான் வேலை செய்கிறேன், எலிமென்ட் மாற்றினால் எங்களுக்கு வருமானம். இருந்தாலும் சொல்கிறேன், நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் பம்ப்பை இப்போது இறக்க வேண்டாம்.

எலிமென்ட் தேய்ந்த வண்டி எப்படி இருக்கும் தெரியுமா? எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் அதிகம் அடம் பிடிக்கும். டீசலும் சூடாகி இளகிவிடுவதால் தேய்ந்த இடைவெளியில் கசிந்து, செல்ஃப் சுற்றுகிற குறைந்த வேகத்தில் அழுத்தம் ஏறாது. உங்களுடையது சூட்டில் சாவியைத் தொட்டதும் பிடிக்கிறது. லோடில் இழுவையும் குறையவில்லை. அப்படியானால் எலிமென்ட் வேலை செய்கிறது, அதற்கு வர வேண்டிய டீசல்தான் ராத்திரியில் காணாமல் போகிறது.

எங்கே போகிறது? டேங்குக்கே திரும்பிப் போகிறது. 407ல் டேங்க் சேசிஸ் பக்கவாட்டில் கீழே இருக்கிறது, பம்ப் முன்னால் அதைவிட உயரத்தில். ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சித்தான் மேலே எடுக்கிறது. அந்த உறிஞ்சுகிற பக்கத்தில் எங்காவது முடி அளவு விரிசல் இருந்தால் இளநீர் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்த கதைதான், வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும். ஓடும்போது வேகமாக உறிஞ்சுவதால் அந்தக் கொஞ்சம் காற்றை எஞ்சின் சமாளித்துவிடும். நிறுத்தினால் காற்று புகுந்து டீசல் மெதுவாகக் கீழே இறங்கிவிடும். மூக்கு மேலே நிறுத்தினால் உயர வித்தியாசம் இன்னும் அதிகம். டேங்க் நிறைந்திருந்தால் வித்தியாசம் குறைவு. அதனால்தான் நீங்கள் சொன்ன அந்த மறுநாள் தொந்தரவு குறைவு.

டீசல் ஒழுகலைத் தேடுகிறவர்கள் இதைப் பிடிக்கவே மாட்டார்கள், ஏனென்றால் ஈரமே இருக்காது. மெக்கானிக் தரையைப் பார்ப்பார், பைப்பைத் தடவிப் பார்ப்பார், காய்ந்திருக்கும், உடனே பம்ப்தான் என்பார்.

செலவில்லாமல் இரண்டு சோதனை. முதலில் இன்று ராத்திரி வண்டியைத் திருப்பி மூக்கு கீழே நிறுத்துங்கள். காலையில் ஒழுங்காகப் பிடித்தால் பாதி விடை வந்துவிட்டது. அடுத்து, டேங்கிலிருந்து வரும் லைனை ஃபீட் பம்ப் வாயில் கழற்றி மூடிவிட்டு, ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி பம்ப்பை விட உயரமாகக் கட்டி, ஒரு புது ஹோஸில் நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். காற்றெல்லாம் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்து நிறுத்துங்கள். மறுநாள் காலையில் பிடித்தால் குறை டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஃபீட் பம்ப்புக்கு அந்தப் பக்கம் வாருங்கள்: ஃபில்டர் மூடி கேஸ்கட், பைப்பை இணைக்கிற பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர், மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புகிற ஓவர்ஃப்ளோ வால்வு. காப்பர் வாஷர் ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள், விலை ஒன்றுமே இல்லை.

அந்த பெட்ரோல் துணி வேண்டவே வேண்டாம் சார். டீசல் எஞ்சினில் பெட்ரோல் ஆவி, பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடைந்து ஹெட்டைக் கழற்றுகிற வேலை வந்தால் 25,000 எல்லாம் எந்த மூலைக்கு. காத்திருக்க முடியாத அவசரத்தில் கை பம்ப் அடித்தே எடுங்கள். செல்ஃபையும் தொடர்ந்து பிடிக்காதீர்கள், பத்துப் பதினைந்து விநாடி, அப்புறம் ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

கேட்டரிங், அல்சூர்

எங்கள் 407லும் இதே மாதிரி வந்தது. கல்யாண சாப்பாடு ஏற்றுகிற வண்டி, நேரத்துக்குப் போகவில்லை என்றால் பந்தியே நின்றுவிடும். எங்களுக்கு பிரைமரி ஃபில்டர் கிண்ணத்தின் கேஸ்கட். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருந்தார்கள், எவ்வளவு இறுக்கினாலும் உட்காராது. நீங்கள் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள், அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்ததா என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

வெளியூர் டிரைவர்

இத்தனை வருடம் ஆன வண்டிக்கு ஏன் செலவு செய்கிறீர்கள்? விற்றுவிட்டு பிஎஸ்6 பிக்கப் ஒன்று எடுங்கள். டெல்லியில் எல்லாம் இந்த வண்டியைத் தொடவே விடமாட்டார்கள்.

ஓசூர் ரோடு டெம்போ

டெல்லிக் கணக்கு இங்கே வராது அண்ணா. 10 வருடம் தாண்டிய டீசலுக்கு 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடை டெல்லிப் பக்கத்துக்குத்தான், பெங்களூருக்குக் கிடையாது. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டி வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், புகைச் சான்று வைத்திருக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்தால் ஓட்டலாம். இவர் வண்டி தினமும் சைட்டுக்குப் போய் வருகிறது, இழுவை குறையவில்லை, இருபது ரூபாய் வாஷரோ ஒரு முழம் ஹோஸோ போயிருக்கலாம் என்கிற நிலையில் மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிஎஸ்6 டீசலில் புகையின் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்து, நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அதில் கரி சேரும், எரித்து வெளியேற்ற நல்ல ஓட்டம் வேண்டும். புது வண்டி எடுப்பதாக இருந்தால் எடுக்கலாம், ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக எடுக்கிறது இல்லை.

சென்ட்ரிங் வாடகை, கே.ஆர்.புரம்

பீன்யா தம்பி சொன்னபடி மூக்கு கீழே நிறுத்தினேன். கை பம்ப்பைத் தொடாமலே பிடித்தது! பிறகு கேன் சோதனையும் செய்தோம், மூக்கை மறுபடி மேலே வைத்தே. அதிலும் பிடித்தது. அப்படியானால் டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில்தானே? இனி எங்கே தேடுவது? லைனைத் தடவிப் பார்த்துவிட்டேன், எல்லாம் காய்ந்திருக்கிறது.

பம்ப் வேலை, பீன்யா

ஆமாம் சார், அந்தப் பகுதிதான். இனி தடவிப் பார்த்துப் பயனில்லை, கழற்றி வளைத்துப் பாருங்கள். இரும்புப் பைப் முடிந்து ரப்பர் ஹோஸ் ஆரம்பிக்கிற இடம், கிளிப் உட்காருகிற இடம், சேசிஸில் பைப் உரசுகிற இடம், டேங்குக்குள் இறங்கும் பைப்பின் மேல் மூட்டு. ரப்பரை நேராகப் பார்த்தால் நன்றாக இருக்கும், வளைத்தால்தான் வாய் பிளக்கும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஃபீட் பம்ப் வாயில் உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி மாதிரி ஹோஸ் ஒரு சாண் போட்டு எஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு மூட்டாகக் கிரீஸ் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தடவியதும் ஹோஸில் குமிழ் நிற்கிறதோ அங்கேதான்.

சென்ட்ரிங் வாடகை, கே.ஆர்.புரம்

கிடைத்துவிட்டது. சேசிஸ் கிளிப்புக்கு அடியில் மறைந்திருந்த ரப்பர் துண்டு. கிளிப் இருக்கும்வரை நல்ல ஹோஸ் மாதிரிதான் இருந்தது. எடுத்து வளைத்ததும், கிளிப் விளிம்பு பதிந்த கோட்டிலேயே நகக்கண் அளவுக்குப் பிளந்தது, உள்ளே ரப்பர் கரி மாதிரிக் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. வெளியே ஒரு சொட்டு டீசல் அடையாளம் இல்லை. ஜே.சி. ரோட்டில் டீசல் ஹோஸ் வாங்கி, கிளிப்பும் புதிதாகப் போட்டு, காற்று எடுத்தோம். வழக்கம்போல மூக்கு மேலேதான் நிறுத்துகிறோம், காலையில் முதல் அடியிலேயே பிடிக்கிறது. ஹோஸ், கிளிப், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. தம்பி, நீங்கள் உங்கள் கடை வருமானத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள், பெரிய மனசு.

பம்ப் வேலை, பீன்யா

ரொம்ப சந்தோஷம் சார். ஒரு ஹோஸ் அப்படிக் காய்ந்திருந்தால் கூடவே போட்ட மற்ற ரப்பருக்கும் அதே வயதுதான், ரிட்டர்ன் லைனையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இன்னொன்று, எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். ஃபீட் பம்ப் பிளஞ்சர் தேய்ந்தால் டீசல் பம்ப் வழியாக ஆயிலில் கலக்கும், ஆயில் ஊற்றாமலே அளவு ஏறும், டீசல் வாடை அடிக்கும். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாமல் உடனே காட்டுங்கள், பேரிங் போய்விடும்.

கேட்டரிங், அல்சூர்

இழையைப் படித்துவிட்டு எங்கள் வண்டியிலும் ஹோஸை வளைத்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் கீறல். ஹோஸ் என்ன அளவு வாங்க வேண்டும்?

சென்ட்ரிங் வாடகை, கே.ஆர்.புரம்

அக்கா, அளவு சொல்லி வாங்காதீர்கள், பழைய துண்டையே கையில் கொண்டு போங்கள். டீசலுக்கானது என்று சொல்லியே கேளுங்கள், தண்ணீர் ஹோஸைக் கொடுத்தால் ஊறி உப்பிவிடும். போட்டபின் ஃபில்டரில் காற்று எடுக்க இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கை பம்ப் அடித்து இறுக்குங்கள், பிறகு பம்ப்பில் இருக்கிற ஸ்க்ரூவிலும் அதேபோல. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், டீசல் வந்ததும் இறுக்கிவிடலாம். அந்த நேரத்தில் கையை அருகில் வைக்க வேண்டாம், அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும்.