"உனக்கும் கேட்குதுல்ல?" என்று அவன் கேட்டபோது

தம்பிக்கு அக்கா

தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) ஆரம்பித்தது, இப்போது 31. முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, மாத்திரையை நிறுத்தியது, திரும்ப வந்தது எல்லாம் இந்த நோயோடு வாழும் குடும்பங்களின் இந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். போன மாதம் ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

மணி இரண்டு இருக்கும். கதவைத் தட்டவில்லை, நகத்தால் சுரண்டினான். திறந்தால் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறான். "அக்கா, ஃபேனுக்குள்ள பேசுறாங்க. உனக்கும் கேட்குதுல்ல?"

ஒன்பது வருடத்தில் அவன் என்னிடம் கேட்டதே இல்லை. "பேசுறாங்க" என்று சொல்வான், அவ்வளவுதான். முதல் தடவையாகக் கேட்டான். தூக்கக் கலக்கத்தில், அவன் முகத்தைப் பார்த்த பயத்தில், "கேட்குதுடா" என்று சொல்லிவிட்டேன்.

அவன் தோள் அப்படியே தளர்ந்தது. ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தான். அப்புறம் முகம் மாறி, "அப்போ நிஜம்தானா அக்கா?" என்றான். சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறான். அந்தச் சந்தேகத்தை நான்தான் அணைத்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று ராத்திரி அவன் தூங்கவில்லை.

மனைவி

நீங்கள் செய்ததற்கு நேர்மாறாகச் செய்தவள் நான். இரண்டு வருடம் ஒவ்வொரு தடவையும் "ஒன்றுமே இல்லை, எல்லாம் உங்கள் பிரமை" என்று வாதாடினேன். டிவியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒருநாள் அதைப் போர்வையால் மூடிவிட்டார். நான் போர்வையை உருவி எறிந்து, "பாருங்க, யாராவது பேசுறாங்களா?" என்று கத்தினேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நீயும் அவங்க பக்கம் போயிட்டியா?"

அன்றிலிருந்து எதுவுமே சொல்வதில்லை. குறைந்துவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மறைத்திருக்கிறார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நிலைமை கைமீறியிருந்தது. அதனால் "கேட்குது" என்று சொன்னதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு அப்பா

மன்னிக்க வேண்டும், "கேட்குது" என்று சொன்னது தவறுதான். "இல்லவே இல்லை" என்பதும் தவறு. நடுவில் ஒரு வழி இருக்கிறது: "எனக்குக் கேட்கலை. ஆனா உனக்குக் கேட்குதுன்னு நம்புறேன். பயமா இருக்கா?" குரல் இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டுப் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். தனக்கு நோய் என்பதே தெரியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை வாதாடி ஜெயிக்கவும் முடியாது.

என் மகன் இந்த நோய்க்கான குளோசபின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறான். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடலாம் என்பதால் ஆரம்ப மாதங்களில் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. அதெல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒருநாள் சிகரெட்டைச் சட்டென்று விட்டான், நாங்கள் கொண்டாடினோம். பத்து நாளில் தலையணை நனைய எச்சில், எழுப்பினால் எழவில்லை. சிகரெட் புகை இந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். புகையை விட்டால் அதே டோஸ் அதிகமாகிவிடும். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாராவது சிகரெட்டை விட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் இந்த நோயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்து 1972இல் எழுதினார்கள். ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய கைக்குள் வைத்துப் பார்த்தல், இவை இருந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம். 1976இல் வந்த ஆய்வு, அப்படிப்பட்ட வீடுகளில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம் என்றது. பெற்றோர்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களும் கொஞ்ச நேரம் விலகி மூச்சுவிட வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே போய் வாருங்கள்.

அம்மா

ஐயா, வெளியே போகும்போது அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? 35 மணி நேரம் என்று எண்ணுகிற நிலையில் நாங்கள் இல்லை. நானும் அவளும் மட்டும்தான்.

தன் சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பதுதான் என் மகளுடைய பயம். மாத்திரையைத் தொடவே மாட்டாள். வேறு வழி தெரியாமல் பொடித்துக் கலந்து கொடுத்தேன். ஐந்து மாதம் நன்றாக இருந்தாள், சிரித்தாள். ஒருநாள் டம்ளரைக் காலி செய்துவிட்டு உள்ளே பார்த்தாள். அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்தது. கத்தவில்லை. டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "நான் சொன்னப்ப யாருமே நம்பலையேம்மா" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வருடம் உறை பிரிக்காததைத்தான் சாப்பிட்டாள். இப்போது மாத ஊசி, அவளே கேட்டுப் போட்டுக்கொள்கிறாள். டம்ளரை மட்டும் இன்னமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

எனக்கே இந்த நோய்

அப்பா சொன்ன வாக்கியம் நல்லதுதான், ஆனால் மனப்பாடம் செய்து சொன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். குரல் மோசமாகத் திட்டிய ஒரு ராத்திரி என் அண்ணன் கட்டில் ஓரத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். ஒன்றுமே பேசவில்லை. அவன் கொட்டாவி விட்டது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. குரல்களுக்கு நடுவே நிஜம் என்று நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அக்கா, தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தாமதம் வேண்டாம்.

தம்பிக்கு அக்கா

நேற்று சொல்லிவிட்டேன். வரும் வியாழன் டாக்டரிடமும் போகிறோம். "அன்னைக்கு எனக்குக் கேட்கலைடா. பயத்துல பொய் சொல்லிட்டேன்" என்றேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தர் குரல்கூடக் கேட்காதா?"

"இல்லைடா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்போ ராத்திரியில உனக்கு எவ்வளவு அமைதியா இருக்கும்" என்றான்.